ஐபோனில் எல்டேக் இல்லை: வயர்லெஸ் ஹெட்போனில் நல்ல ஒலி கிடைக்காதா?

பொங்கோல்_ராத்திரி:
பிள்ளை தூங்கிய பிறகு வரவேற்பறையில் உட்கார்ந்து எண்பதுகளின் பாட்டு கேட்பது வழக்கம். காதை முழுக்க மூடும் ஹெட்போன், வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் கோடெக்குகளில் எஸ்பிசி, ஏஏசி, எல்டேக் மூன்றும் அதில் உண்டு. கைப்பேசி ஐபோன். கொஞ்ச காலமாகத் தபேலாவில் அடியே வரவில்லை, எல்லாம் தகர டப்பா மாதிரி கேட்கிறது. அலுவலக நண்பர், "ஐபோனில் எல்டேக் கிடையாது, அந்த ஹெட்போன் உங்களுக்குத் தண்டம்" என்கிறார். பாட்டுக்கென்றே ஒரு பழைய ஆண்ட்ராய்டு வாங்கலாமா?

பாஞ்சாங்_பேஸ்:
தாராளமாக வாங்குங்கள் அண்ணே. கணக்கைப் பாருங்கள். எஸ்பிசி அதிகபட்சம் விநாடிக்கு 328 கிலோபிட் அளவில் நின்றுவிடும். ஐபோனின் ஏஏசி 256-ஐ ஒட்டி. எல்டேக் 990 வரை போகும். சோனி 2015-இல் கொண்டுவந்தது, 2017-இல் ஆண்ட்ராய்டு 8-லேயே சேர்த்துவிட்டார்கள். ஆப்பிள் மட்டும் இன்னும் வீம்பு பிடிக்கிறது. 2021-இலிருந்து ஆப்பிள் மியூசிக்கில் லாஸ்லெஸ், அதாவது ஒலியில் எதையும் இழக்காத பாட்டு, தருகிறார்கள், ஆனால் அதைக் கெடாமல் ப்ளூடூத்தில் அனுப்ப அவர்கள் கைப்பேசிக்கே வழியில்லை! ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைவான அமைப்புப் பக்கத்தைத் திறந்து எல்டேக்கை 990-இல் பூட்டிவிடுங்கள். வீணையை மீட்டியபின் நாதம் அடங்கும் இடத்தைக் கேட்டாலே வித்தியாசம் தெரியும்.

கிளமெண்டி_அக்கா:
தம்பி, அவர் தபேலாவில் அடி வரவில்லை என்கிறார், நீங்கள் வீணைக்கு வைத்தியம் சொல்கிறீர்கள். பிட்ரேட் (நீங்கள் சொன்ன அந்தக் கிலோபிட் கணக்கு) போதவில்லை என்றால் முதலில் கெடுவது ஜால்ரா, சிம்பல், கைதட்டல் போன்ற கூர்மையான ஓசைகள்தான். அடிநாதத்தை எஸ்பிசிகூடத் தின்பதில்லை. பேஸ் காணாமல் போனால், பெரும்பாலும் குஷனுக்கும் காதுக்கும் நடுவில் எங்கோ காற்று கசிகிறது.

பொங்கோல், மூக்குக்கண்ணாடி போடுவீர்களா? குஷன் எப்படி இருக்கிறது? நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கும் வியர்வைக்கும் அந்தச் செயற்கைத் தோல் தாங்காது, உரிந்து கன்னத்தில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டும். பாட்டு ஓடும்போதே இரண்டு பக்கமும் உள்ளங்கையால் காதோடு மெல்ல அழுத்திப் பாருங்கள். அடி திரும்பி வந்தால் பிரச்சினை குஷனில். அப்புறம், பாட்டை எங்கிருந்து கேட்கிறீர்கள்? யாரோ கேசட்டிலிருந்து பதிந்து ஏற்றிய வீடியோ என்றால், எல்டேக் அந்த இரைச்சலைத்தான் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

பாஞ்சாங்_பேஸ்:
குஷன் வேண்டாமென்று யார் சொன்னது அக்கா? ஆனால் கோடெக்கே வீண் என்கிற மாதிரிப் பேசுவது சரியில்லை. என்னிடம் இரண்டு கைப்பேசியும் இருக்கிறது. ஒரே ஹெட்போன், ஒரே பாட்டு. எல்டேக்குக்கு மாற்றியதும் மேடை அகலமாகிறது, பாடகர் முன்னால் வந்து நிற்கிறார். என் காது பொய் சொல்லுமா?

கிளமெண்டி_அக்கா:
சொல்லும். எல்லோர் காதும் சொல்லும். இரண்டிலும் ஒலியளவைச் சமமாக வைத்தீர்களா? ஒரு டெசிபெல் கூடினாலே "சத்தம் கூடியிருக்கிறது" என்று மூளை சொல்லாது, "தரம் கூடியிருக்கிறது" என்றுதான் சொல்லும். ஹைஃபை கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்றிப் போடட்டும். அப்போது கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

அந்த 990 கதையையும் சொல்லிவிடுகிறேன். ப்ளூடூத்தும் பழைய வைஃபையும் மைக்ரோவேவும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதையில்தான். வீவக அடுக்குமாடி வீட்டில் மேலே, கீழே, எதிரே என்று எத்தனை ரவுட்டர்! 990-இல் பூட்டினால் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போதே பாட்டு வெட்டி வெட்டி வரும். பூட்டாமல் தானியங்கியில் விட்டால் பெரும்பாலும் 660, நெரிசலில் 330. அந்த 330-ஐ விட ஐபோனின் ஏஏசி ஒன்றும் மட்டமில்லை. ஆண்ட்ராய்டில் ஏஏசியின் தரம் மாடலுக்கு மாடல் மாறும், அது வேறு விஷயம். எந்தக் கைப்பேசியானாலும் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது செலவில்லாத வேலை.

தெம்பனீஸ்_கேமர்:
லேப்டாப்பில் கேட்கிறவர்களுக்கு ஒன்று. மீட்டிங் தொடங்கியதும் பாட்டு திடீரென்று பழைய டெலிபோன் மாதிரி ஆகிறதா? ஹெட்போனின் மைக்கைத் தொட்டதும் ப்ளூடூத் பேச்சு முறைக்கு மாறிவிடும். அதில் பெரும்பாலும் ஒலி ஒற்றைத் தடம், ஒலியை மாதிரி எடுக்கும் வேகம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். சிடியில் 44.1. மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், பாதிப் பேரின் புலம்பல் அங்கேயே தீரும். இன்னொன்று, ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணைத்தால் சில ஹெட்போன்களில் எல்டேக் தானாக அணைந்துவிடும். எல்டேக் ரசிகர்கள் பலர் தெரியாமலே ஏஏசியைக் கேட்டுப் புல்லரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வயர்_கட்சி:
வீட்டில்தானே உட்கார்ந்து கேட்கிறீர்கள், எதற்கு இந்த ரகளை? பெட்டியிலேயே கேபிள் கொடுத்திருப்பான். சொருகுங்கள், முடிந்தது.

கிளமெண்டி_அக்கா:
எப்போதும் முடியாது. இரைச்சல் நீக்கும் ஹெட்போன்களில் ஒலியைச் சீராக்குவது உள்ளே இருக்கும் சிப். கேபிள் போட்டுப் பவரை அணைத்தால் பல மாடல்களில் அந்தச் சீராக்கமும் போய்விடும், மந்தமாகக் கேட்கும். கேபிளோடு பவரையும் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். யுஎஸ்பி-சி வழியே டிஜிட்டலாக வாங்கும் மாடல் என்றால் நீங்கள் சொல்வது சரி.

பாஞ்சாங்_பேஸ்:
அண்ணே, புதுக் கைப்பேசி வேண்டாமென்றால் கைப்பேசியில் சொருகி ப்ளூடூத் ஒலி அனுப்பும் ஒரு யுஎஸ்பி டாங்கிள் வாங்குங்களேன். நம் ஊர் கிரியேட்டிவ் நிறுவனமே விற்கிறது, ஆப்டெக்ஸ் அடாப்டிவ் என்ற இன்னொரு கோடெக் உள்ளதும் இருக்கிறது. 1989-இல் கணினிக்கு சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைக் கொண்டுவந்தவர்கள், சும்மா இல்லை.

கிளமெண்டி_அக்கா:
கிரியேட்டிவ் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவர் முதல் பதிவை மறுபடி படியுங்கள். அவர் ஹெட்போனில் ஆப்டெக்ஸே இல்லை. இரண்டு பக்கமும் பொதுவான கோடெக் வேண்டும், இல்லையென்றால் டாங்கிள் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். காசு கொடுத்து ஏஏசியிலிருந்து எஸ்பிசிக்குப் போகச் சொல்கிறீர்கள்.

பொங்கோல்_ராத்திரி:
அக்கா சொன்னபடி அழுத்திப் பார்த்தேன். தபேலா வந்தது! கையை எடுத்தால் போய்விடுகிறது. விளக்கடியில் பார்த்தால் இடது குஷனின் கீழ்ப்பக்கம் தோல் கிழிந்து பஞ்சு சப்பையாகியிருக்கிறது, கண்ணாடிக் காது வேறு அதே இடத்தில் இடைவெளி விடுகிறது. குஷன் எங்கே கிடைக்கும்?

கிளமெண்டி_அக்கா:
சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் விசாரியுங்கள், இல்லையென்றால் மாடல் எண்ணைப் போட்டு இணையத்தில் தேடுங்கள். அசல் குஷனின் தடிமனும் துளை அளவும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தென்று இருக்கிறதே என்று தடியானதை வாங்கினால் ஸ்பீக்கர் காதிலிருந்து தள்ளிப்போய் ஒலியின் குணமே மாறும்.

பாஞ்சாங்_பேஸ்:
சரி, குஷன் மாறட்டும். அப்புறம் என் ஆண்ட்ராய்டோடு பொங்கோலுக்கு வருகிறேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்கட்டும், ஒலியளவை அக்காவே சமப்படுத்தட்டும். நல்ல லாஸ்லெஸ் கோப்பு நான் கொண்டுவருகிறேன்.

கிளமெண்டி_அக்கா:
வருகிறேன். ஒரு சுற்று 990-இல் பூட்டி, மைக்ரோவேவை ஓடவிட்டு.