தையல் மிஷினும் கழன்ற நட்டும்: நம் பக்கத்து இத்தாலி – ஜப்பான் பைக் சண்டைகள்

ஆம்பூர் – கவாசாகி நிஞ்ஜா 650

"தையல் மிஷினா வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் அந்த மனிதர் பேச்சைத் தொடங்கினார். வணக்கம்கூட இல்லை.

வேலூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய் இரவு தங்கிவிட்டு, ஞாயிறு விடியற்காலையில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி, லாரிகள் ஒதுங்கும் டீக்கடை ஒன்றில் நிறுத்தினேன். பின்னாலேயே ஒரு சிவப்பு டுகாட்டி மான்ஸ்டர் 1100, இத்தாலி வண்டி, வந்து நின்றது. 2009ஆம் ஆண்டு மாடல், கர்நாடகப் பதிவு எண். ஓட்டிவந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

நம் வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலில் ஊறிக்கிடக்கும். அந்த மான்ஸ்டரில் உலர் கிளட்ச்; தட்டுகள் ஆயில் படாமல் காற்றில் இருக்கும். லீவரைப் பிடித்தால் அவை ஒன்றோடொன்று மோதி, எவர்சில்வர் டபராவில் கரண்டிகளைப் போட்டுக் குலுக்கினாற்போலச் சத்தம் வரும். டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். "சார், உள்ளே ஏதோ நட்டு கழன்றிருக்கிறது. பார்த்துப் போங்கள்" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன் சார், மாஸ்டருக்கே கேட்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்றேன்.

"கேட்கட்டும் என்றுதானே தம்பி வாங்கினேன்" என்றார் அவர்.

அதன்பிறகுதான் தையல் மிஷினுக்கு விளக்கம் வந்தது. ஜப்பான் வண்டி சாவியைப் போட்டால் ஓடும், திருப்பினால் நிற்கும், இடையில் ஒன்றும் நடக்காது என்றார். அவருக்குத் தெரியாத விஷயம், ஒரு ஷூ தொழிற்சாலையின் தையல் பிரிவில் மிஷின்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. ஆம்பூரில் தையல் மிஷின் என்று யாரையும் திட்ட முடியாது. பாதி ஊர் அதில்தான் சோறு சாப்பிடுகிறது. நான் தினமும் தொட்டுப் பார்க்கும் ஜூகி மிஷின்கள் ஜப்பான் நிறுவனத்துடையவை. இத்தாலியும் எங்களுக்கு அன்னியம் இல்லை. இந்தப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளில் நிற்கும் பெரிய மிஷின்களில் பல அங்கிருந்து வந்தவைதான். இதையெல்லாம் சொன்னதும் மனிதர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக என் வண்டியைச் சரியாகப் பார்த்தார்.

பார்த்தவர் குனிந்தார். செயினுக்குக் கீழே ஒரு விரலை வைத்துத் தூக்கினார். செயின் ஊஞ்சல்போல ஏறி இறங்கியது.

"இதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

"சர்வீஸில் பார்ப்பார்கள்."

"சர்வீஸ் எப்போது?"

நான் பாலாற்றுப் பக்கம் பார்த்தேன். ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒன்பதாயிரம் கிலோமீட்டர். மிஷின் பராமரிப்பு என் தொழில் என்று அப்போதுதான் பெருமையடித்திருந்தேன்.

அவர் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து விரித்தார். வரிசையாக ஸ்பானர்கள், ஆலன் சாவிகள், ஒரு சின்ன டார்ச்சு. நானும் டூல் கிட் வைத்திருக்கிறேன், உறை பிரிக்காமல். ஆனால் அவருடைய கருவி எதுவும் என் பின்சக்கர நட்டுக்குப் பொருந்தவில்லை. மான்ஸ்டருக்கு ஒற்றைக்கை ஸ்விங் ஆர்ம்; பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் கை. அதில் செயினை இழுத்துக்கட்டக் கொக்கி வடிவில் தனி ஸ்பானர் வேண்டும். அதைத்தான் பத்திரமாக வைத்திருந்தார்.

பக்கத்தில் லாரி பஞ்சர் கடை. இருவரும் போய் பாயை எழுப்பினோம். பெரிய ஸ்பானரும் அதன் வாலில் மாட்ட ஒரு இரும்புக் குழாயும் எடுத்துக்கொண்டு பாய் வந்தார். இரண்டு வண்டிகளையும் ஒரு சுற்று சுற்றினார்.

"இதில் எது ஜப்பான்?"

என்னுடையதைக் காட்டினேன்.

"அப்படியென்றால் ரிப்பேர் இதுதானா?"

மாஸ்டர் அன்று எங்களிடம் டீக்கு மட்டும்தான் காசு வாங்கினார். பார்த்த வேடிக்கைக்கு வாங்கியிருக்கலாம்.

அங்கிருந்து ஏலகிரி வரை சேர்ந்து போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் முன்னால் இருந்தார். பழைய பல்சர் ஒன்று எங்கள் இருவரையும் முந்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

சத்துவாச்சாரி – யமஹா ஆர்எக்ஸ் 100, 1987

தம்பி சொல்வது இந்தக் காலத்துக் கணக்கு. இத்தாலி என்றால் பகட்டு, ஜப்பான் என்றால் பொறுப்பு என்று பேசிக்கொள்கிறீர்கள். நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது வட ஆற்காட்டில் இது அப்படியே தலைகீழ்.

என் அப்பா பள்ளி ஆசிரியர். அவரிடம் பம்பாயில் செய்த பழைய லாம்ப்ரெட்டா இருந்தது. மிலானில் லாம்ப்ராத்தே என்ற பகுதியில் இருந்த தொழிற்சாலையால் வந்த பெயர் அது. பிறகு 1972இல் அந்த ஆலையின் மிஷின்களையே நம் அரசு நிறுவனம் வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் எங்கள் தெருவில் யாருக்கும் அது இத்தாலி வண்டி என்ற நினைப்பே கிடையாது. வாத்தியார் வண்டி, அவ்வளவுதான். முன்னால் பை, பின்னால் அம்மா, நடுவில் நான் நின்றுகொள்வேன். ஸ்கூட்டர் வைத்திருப்பவன் குடும்பஸ்தன், கடன் கொடுக்கலாம்.

1985 கடைசியில் ஆர்எக்ஸ் 100 வந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பீர்கள். அன்று அந்தச் சத்தம் அண்ணா சாலையில் கேட்டால் வயசுப் பெண் உள்ள வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஜப்பான் வண்டி என்றால் பொறுக்கி. சம்பாதித்த காசில் வாங்கினேன் என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

பாகாயத்தில் பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. பெண்ணின் தகப்பனார் தரகரிடம் முன்கூட்டியே கேட்டிருக்கிறார், பையன் என்ன வண்டி என்று. தரகர் ஓடிவந்து, "தயவுசெய்து அப்பாவின் ஸ்கூட்டரில் வாருங்கள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். போனேன். "வண்டியை நிறுத்தினால் பெட்ரோல் குழாயை மூடு" என்பது அப்பாவின் கட்டளை. அதையும் மறக்காமல் செய்தேன். பஜ்ஜி, கேசரி, பேச்சு எல்லாம் முடிந்தது. மாமனாராகப் போகிறவருக்கு என்னைவிட அந்த லாம்ப்ரெட்டாவைத்தான் பிடித்திருந்தது. வாசல் வரை வந்து தட்டிக்கொடுத்தார், ஸ்கூட்டரை.

கிளம்பினேன். தெருமுனை வரை போய் வண்டி நின்றுவிட்டது. உதைத்தேன், உதைத்தேன், வேட்டி அவிழாத குறை. மாடியிலிருந்து மொத்தக் குடும்பமும் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பெண்ணின் தம்பி, பதினான்கு வயது இருக்கும், ஓடிவந்து குனிந்து குழாயைத் திறந்துவிட்டான். மூடியதை நினைவு வைத்தவன் திறப்பதை மறந்துவிட்டேன். "மாமா, இது உங்கள் வண்டியே இல்லைதானே?" என்று காதோடு கேட்டான். மாமா என்று அழைத்துவிட்டானே என்று ஆர்எக்ஸ் பற்றி அவனிடம் உண்மையைச் சொன்னேன். கல்யாணம் முடிகிற வரை வாயைத் திறக்கவில்லை. அதற்கு விலையாக ஆறு மாதம் அந்த வண்டியை அவன்தான் ஓட்டினான்.

காட்பாடி – அப்ரிலியா ஆர்எஸ் 457

கல்லூரியில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "உதிரிபாகம் இத்தாலியிலிருந்து வரவேண்டுமா?" என்பது. வண்டியே மகாராஷ்டிரத்தில் பாராமதியில் செய்வது. 2023 டிசம்பரில் யமஹா ஆர்3 மறுபடி வந்தபோது அதுதான் முழுவதுமாக வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி வந்தது. அப்போது அதன் விலையும் இதைவிட அதிகமாக இருந்தது. ஆர்3 வைத்திருக்கும் அறைத்தோழனிடம் இதைச் சொன்னதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. பெட்ரோல் பங்க்கில் கேட்பது வேறு: "மைலேஜ் எவ்வளவு தம்பி?" இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இத்தாலியும் தெரியாது, ஜப்பானும் தெரியாது.

ராணிப்பேட்டை – இத்தாலிய ட்வின் (பெயர் வேண்டாம், ஊரில் ஒன்றுதான் இருக்கிறது)

அண்ணன்மாரே, வெயிலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. மே மாதம், பிற்பகல் இரண்டு மணி, வேலூர் கிரீன் சர்க்கிள். நூறு மீட்டருக்குப் பஸ்கள் நிற்கின்றன. என் வண்டிக்கு இரண்டு சிலிண்டர். முன் சிலிண்டருக்குக் காற்று படும். பின் சிலிண்டர் இருப்பது சரியாக வலது தொடைக்குக் கீழே. ரேடியேட்டர் கிடையாது, ஓடினால்தான் குளிரும். ஓடாவிட்டால் சுடும், வண்டிக்கும் எனக்கும் சேர்த்து. எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஒருநாள் அப்படித் தள்ளும்போது பக்கத்தில் ஹோண்டாவில் வந்த ஒருவர், "இத்தாலி வண்டி என்றால் இப்படித்தான், நின்றுவிட்டதா மேடம்?" என்றார். நிற்கவில்லை, நானே நிறுத்தினேன் என்றேன். நம்பவில்லை. "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள்" என்றார். வீட்டுக்காரர் கியர்வண்டி ஓட்டமாட்டார், அவருக்கு ஆக்டிவா என்றேன். சிக்னல் விழுந்தது. அவருடைய முகம் எனக்குக் கண்ணாடியில் கொஞ்ச நேரம்தான் தெரிந்தது.

குடியாத்தம் – எந்தக் கட்சியும் இல்லை

2024 மோட்டோ ஜிபி உலக பைக் பந்தயத் தொடரில் மொத்தம் 20 பந்தயங்கள். டுகாட்டி வென்றது 19, அப்ரிலியா 1. ஜப்பான் வண்டிகளுக்குச் சுழியம். இதைச் சொல்லி எங்கள் கடைத்தெருவில் ஒரு கூட்டம் மார்தட்டுகிறது; அதில் பாதிப் பேர் ஓட்டுவது ஸ்பிளெண்டர். எதிர்க்கட்சிக்கும் ஒன்று எடுத்துக்கொடுக்கிறேன். 500 சிசி உலகப் பட்டத்தை ஜப்பான் வண்டியில் முதன்முதலில் வென்ற வீரர் யார் தெரியுமா? 1975, யமஹா, ஜியாகோமோ அகஸ்தினி. அதற்குமுன் இத்தாலி வண்டியான எம்.வி. அகுஸ்டாவில் பட்டம் பட்டமாகக் குவித்த அசல் இத்தாலியர். இத்தாலியில் ரிமினியில் இருக்கும் பிமோட்டா நிறுவனம், ஜப்பான் எஞ்சின்களை வாங்கித் தன் சட்டகத்தில் பொருத்தியே பெயர் எடுத்தது. 2019இல் கவாசாகியே அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பங்கு வாங்கிவிட்டது. அவர்கள் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். நாம் இன்னும் பந்தலில் சண்டை போடுகிறோம்.

ஆம்பூர் – கவாசாகி நிஞ்ஜா 650

வாத்தியார் மகனுக்கு என் வணக்கம். அந்தத் தம்பி இப்போது என்ன வண்டி ஓட்டுகிறார் என்பதையும் எழுதுங்கள்.

போன ஞாயிறு மறுபடி அந்த டீக்கடை வழியாகப் போனேன். செயினுக்கு எண்ணெய் விட்டு, அளவு பார்த்து, துடைத்துத்தான் கிளம்பியிருந்தேன். ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, அதற்குள் பஞ்சர் கடைப் பாய் உள்ளிருந்து ஸ்பானரோடு எழுந்து வந்துவிட்டார்.