‘நச்சுமுறிப்பு’ வேண்டாம், ‘விந்தகக் காப்பு’ என்போம்

வணக்கம். காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்களால் விந்தகம் (விந்தணு உருவாகும் உறுப்பு) கெடாதபடி தாவர வடிசாறு காப்பதை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதே நம் பேச்சு. அதில் எழுந்த கேள்வி இது:

> ‘நச்சுமுறிப்பு’ ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இந்த இடத்தில் அது தவறான பொருளைத் தருகிறது என்பதால்தான். காட்மியமும் ஈயமும் தனிமங்கள். பாம்பின் நஞ்சு போலச் சிதைத்துச் செயலிழக்கச் செய்ய அவை புரதமல்ல. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே பத்தாண்டுக்கு மேலாகும். காட்மியத்தோடு தாவர வடிசாறும் பெற்ற எலியின் விந்தகத் திசு சிதையாமல் இருந்தால், உலோகம் முறிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உலோகம் உள்ளே இருக்கும்போதே திசு தப்பியிருக்கலாம்.

தப்பும் வழியைப் பாருங்கள். விந்தணுவின் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. சைட்டோபிளாசமோ (செல்லின் உட்கூழ்) மிகக் குறைவு, ஆகவே தற்காப்பு நொதிகளும் குறைவு. கன உலோகங்கள் செல்லின் தற்காப்புப் பொருளான குளுட்டாதயோனைப் பற்றிக்கொண்டு அதன் இருப்பைக் குறைக்கின்றன. வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிச் சவ்வைக் கெடுக்கின்றன. வடிசாற்றிலுள்ள குவெர்செட்டின் போன்ற பாலிஃபீனால்கள் (தாவர வேதிப்பொருள்கள்) பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் குறுக்கே நிற்கின்றன. சில பாலிஃபீனால்கள் உலோக அயனியையே பிடித்துக்கொள்வதும் உண்டு. அதற்குக் ‘கொடுக்கிணைப்பு’ (chelation) என்ற நல்ல சொல் இருக்கிறது. திசுவைக் காப்பதையும் உலோகத்தைப் பிடிப்பதையும் கலக்க வேண்டாம்.

எனவே என் பரிந்துரை: விந்தகக் காப்பு.

‘விதைக்காப்பு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். விந்தகத்தை விதை என்பது பேச்சுவழக்கில் உயிருள்ள சொல், எனக்கும் பிடித்தது. ஆனால் இந்தத் துறையில் திராட்சை விதையின் வடிசாறே ஓர் ஆய்வுப்பொருள். ‘விதை வடிசாற்றின் விதைக்காப்பு’ என்று எழுதினால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

‘காப்பு’ என்பதில் முன்கூட்டியே செய்வது என்ற குறிப்பும் இருக்கிறது. காப்புச் செய்யுள் நூலின் முதலில்தானே வரும்! பல சோதனைகளில் வடிசாற்றை உலோகத்துக்கு முன்போ அதனுடனோதான் கொடுக்கிறார்கள். 1950களில் காட்மியத்துக்கு எதிராகத் துத்தநாகம் எலியின் விந்தகத்தைக் காத்ததாகக் கண்டதும் இந்த வகைதான். சேதம் நிகழ்ந்த பிறகு கொடுத்துத் திசு தேறினால் அதை ‘விந்தக மீட்பு’ என்று தனியே சொல்லலாம்.

இந்தப் பிரிவினையை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. மனிதரில் விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள். எலியில் 50 நாளுக்குச் சற்று மேல். இரண்டு வாரச் சோதனையை வைத்து விந்தணு உற்பத்தி மீண்டுவிட்டது என்று எழுதுவது பிழை. இந்தச் சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிலிருந்து வந்தவை. அவற்றைப் படிக்கும் மனிதர், குழந்தை வேண்டி மனம் நொந்திருப்பவராகவும் இருக்கலாம். ‘முறிப்பு’ என்ற சொல்லைக் கண்டு, ஈயம் கலந்த வேலைச்சூழலை மாற்றாமலே வடிசாற்றை நம்பி இருந்துவிடக் கூடாது.

‘சாறு’ வேறு, ‘வடிசாறு’ வேறு என்று நேற்று வந்த கருத்தை ஏற்கிறேன். பிழிந்தது சாறு, கரைப்பானில் ஊறவைத்து வடித்தெடுத்தது வடிசாறு.

ஒன்று மட்டும் தீரவில்லை. காக்கும் பொருளை என்னவென்று அழைப்பது? ‘காப்பி’ என்றால் குடிக்கும் காப்பிதான் நினைவுக்கு வரும். ‘கரைப்பான்’ வழக்கில் ஊன்றிவிட்டதால் ‘விந்தகக் காப்பான்’ ஒலிக்கு இயல்பாக இருக்கிறது. ஆண்பால் ஈறு உறுத்துகிறது என்பவர்கள் மாற்று தாருங்கள்.

அன்புடன்.