டவுன்ஹில் பிரேம்: பழைய லார்ஜா, புது மீடியமா? (உயரம் 172 செ.மீ.)

முறிகண்டிச் சில்லு கேட்டது:

வணக்கம். இடம் கிளிநொச்சி. சித்தப்பாவின்ர மகன் ரொறன்ரோவில இருந்து வரேக்க பாவிச்ச டவுன்ஹில் (மலையில இருந்து இறக்கி ஓடுற சைக்கிள்) பிரேம் ஒண்டு கொண்டுவாறன் எண்டு சொல்லியிருக்கிறார். ரெண்டு பிரேம் விலைக்கு இருக்கு.

அ) 2014 மாடல், 27.5 அங்குலச் சில்லு, லார்ஜ் ஸ்டிக்கர், சீற் ரியூப் (சீற் பூட்டுற குழாய்) 17 அங்குலம்.
ஆ) 2021 மாடல், 29 அங்குலச் சில்லு, மீடியம், சீற் ரியூப் 16.5 அங்குலம்.

உயரம் 172 செ.மீ., எடை 68 கிலோ. கம்பனி அட்டவணையில என்ர உயரத்துக்கு மீடியம் எண்டு கிடக்கு. ரவுண் சைக்கிள் கடை அண்ணை சீற் ரியூப் அளவைக் கேட்டுட்டு, "ரெண்டும் சின்னப் பிள்ளையள் ஓடுறது, உமக்கு 19 வேணும்" எண்டுறார். கொண்டுவந்த பிறகு திருப்பி அனுப்பேலாது. எதை எடுக்கிறது?

---

இரணைமடு வான்:

கடை அண்ணை சொல்லுறது இருந்து மிதிக்கிற சைக்கிளுக்குச் சரி. சீற்றில குந்தியிருந்து கால் நீட்டி மிதிக்கிற வண்டிக்குத்தான் சீற் ரியூப் நீளம் அளவு. டவுன்ஹில்லில சீற் முழங்கால் மட்டத்தில கிடக்கும்; இறக்கம் முழுக்க பெடலில எழும்பி நிண்டுதான் ஓடுவியள். அதால சீற் ரியூப்பை வேணுமெண்டே கட்டையாய்ச் செய்யிறவை. 16.5க்கும் 17க்கும் இருக்கிற வித்தியாசத்தை மறந்திடுங்கோ.

பார்க்க வேண்டியது ரீச். கிராங் அச்சு ஓடுற குழாயின்ர (பி.பி.) நடுவில இருந்து நேர மேல ஒரு கோடு கீறினால், அந்தக் கோட்டில இருந்து ஹெட் ரியூப் (முன் சில்லின்ர கவையான போர்க் பூட்டுற குழாய்) மேல்வாயின்ர நடுவுக்குக் கிடையாய் எவ்வளவு தூரமோ அதுதான் ரீச். அதே ரெண்டு புள்ளிக்கும் செங்குத்தாய் உள்ள உயரம் ஸ்ராக். எழும்பி நிக்கேக்க காலுக்கும் கைக்கும் நடுவில எவ்வளவு இடம் எண்டதை இந்த ரெண்டும்தான் தீர்மானிக்கும்.

172 செ.மீ. ஆளுக்கு 440 முதல் 455 மி.மீ. வரை ரீச் தேடுங்கோ. மீடியம், லார்ஜ் எண்ட எழுத்தை நம்பாதேங்கோ. பத்து வருசத்துக்கு முந்தின லார்ஜ் இண்டைக்கு மீடியத்தை விடச் சின்னனாய் இருக்கிறது வழமை. சீற் ரியூப்பைப் பாராமல் ரீச்சைப் பார்த்து அளவு எடுக்கட்டும் எண்டுதான் ஸ்பெஷலைஸ்ட் கம்பனி மீடியம், லார்ஜ் எண்டதை விட்டுட்டு எஸ்2, எஸ்3, எஸ்4 எண்டு போட வெளிக்கிட்டது. ரெண்டு பிரேமுக்கும் அந்தந்த வருச அட்டவணையை எடுத்து ரீச், ஸ்ராக் ரெண்டையும் இதில போடுங்கோ.

---

பனைவடலி:

அளவு கிடக்கட்டும் தம்பி, வன்னியில மலை எங்க? இருக்கிறது குளக்கட்டு மட்டும்தான். டவுன்ஹில் வண்டி 15 முதல் 17 கிலோ வரும், கியர் 7, சீற்றை உயர்த்தேலாது. பரந்தனுக்குப் போய் வரவே நாரி போயிடும். ஒரு ஹார்ட்ரெயில் (பின்பக்கம் ஷொக் இல்லாத மலைச் சைக்கிள்) எடுத்தால் கிரவல் றோட்டிலும் ஓடலாம், மலையிலும் இறக்கலாம்.

---

முறிகண்டிச் சில்லு:

ஓட இருக்கிறது ஹந்தானைப் பக்கமும் நுவரெலியாப் பக்கமும்தான் அண்ணை. ஏ9ஆல வானில ஏத்திக்கொண்டு போறது. இங்க ஓட வேற சைக்கிள் இருக்கு.

அட்டவணை எடுத்திட்டன்:
அ) லார்ஜ்: ரீச் 425, ஸ்ராக் 605. (அதே வருச மீடியம்: 405, 600.)
ஆ) மீடியம்: ரீச் 445, ஸ்ராக் 620. (லார்ஜ்: 470, 630.)

பார்த்தால் மீடியம்தான் பெரிசு! ஆனால் 'அ' திருப்பிப் பெயின்ற் அடிச்ச பிரேம். ஸ்டிக்கரை எவ்வளவு நம்பலாம்?

---

லேத் பட்டறை:

நம்பத் தேவையில்லை, அளக்கலாம். முழு வண்டியாக இருந்தால் சுவரில் முட்ட நிறுத்தி, சுவரிலிருந்து பி.பி. நடுவுக்கும் ஹெட் ரியூப் மேல்வாய் நடுவுக்கும் உள்ள தூரத்தைத் தூக்குக்குண்டு விட்டு எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ரீச் வந்துவிடும். வெறும் பிரேமில் அது சரிவராது. போர்க்கும் சில்லும் இல்லாமல் பிரேம் எந்தச் சாய்வில் நிற்கும் என்று தெரியாது.

அதற்கு வேறு வழி உண்டு. பி.பி. குழாயின் நடுப்புள்ளியிலிருந்து ஹெட் ரியூப் மேல்வாயின் நடுப்புள்ளிக்கு நேராக ரேப் பிடிக்கச் சொல்லுங்கள். ரீச்சும் ஸ்ராக்கும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். இந்த மூலைவிட்டம் மூன்றாவது பக்கம். பிரேமை எப்படிச் சரித்து வைத்தாலும் அது மாறாது. உங்கள் அட்டவணைப்படி வரவேண்டியவை:

அ லார்ஜ்: 739 மி.மீ.
அ மீடியம்: 724 மி.மீ.
ஆ மீடியம்: 763 மி.மீ.
ஆ லார்ஜ்: 786 மி.மீ.

ரேப்பில் மூன்று நான்கு மி.மீ. பிசகினாலும் அளவுகள் ஒன்றோடொன்று குழம்பாது. இரண்டு கவனம். ஹெட்செட் கப் (ஹெட் ரியூப் முனையில் பெயரிங் இருக்கும் கிண்ணம்) வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் அதைச் சேர்க்காமல் பிரேமின் உலோக விளிம்பு வரைதான் அளக்க வேண்டும்; கப்பைச் சேர்த்தால் மீடியம் லார்ஜ் போலக் காட்டும். ரேப் குழாயில் முட்டி வளையக்கூடாது. வளைந்தால் இரண்டு முனையிலும் ஒரே தடிப்புள்ள கட்டை வைத்து, பிரேமுக்கு வெளியே சமாந்தரமாகப் பிடிக்கலாம்.

---

முறிகண்டிச் சில்லு:

ரொறன்ரோ அண்ணா போய் அளந்திட்டார். 'அ' 72 செ.மீற்றரும் 5 மி.மீற்றரும். 'ஆ' 76 செ.மீற்றரும் 2 மி.மீற்றரும்.

---

லேத் பட்டறை:

அப்படியென்றால் 'அ' மீடியம். பெயின்ற் அடித்தபோது யாரோ லார்ஜ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். ரீச் 405 உங்களுக்கு மிகவும் கட்டை. 'ஆ' அட்டவணையோடு ஒத்துப்போகிறது.

---

இரணைமடு வான்:

405இல என்ன நடக்கும் எண்டால், செங்குத்து இறக்கத்தில முன்னுக்கு இடம் இல்லாமல் உடம்பு ஹாண்டிலுக்கு மேலால போகப் பார்க்கும். அதுக்குப் பயந்து குண்டியைப் பின்னுக்குத் தள்ளுவியள். உடன முன் சில்லில பாரம் இல்லாமல் போய் வளைவில வழுக்கும். பிழை ஓட்டத்தில எண்டு நினைப்பியள், பிழை பிரேமில கிடக்கும்.

---

வாகைமரம்:

ஒரு மாற்றுக் கருத்து. ரீச் கூடக் கூட நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய பிரேமில் வீல்பேஸும் (இரண்டு சில்லின் அச்சுக்கும் இடைத்தூரம்) நீளும். ஊசி வளைவு நிறைந்த ஒடுங்கிய பாதையில் அதைத் திருப்புவது பாடு. கை நீண்டு முழங்கை நிமிர்ந்துவிட்டால் முன் சில்லை அமத்தவும் முடியாது, தூக்கவும் முடியாது. 'ஆ' பிரேம் லார்ஜில் (470) கிடைத்தாலும் 172 செ.மீ. ஆளுக்கு நான் சொல்லமாட்டேன். இரண்டு அளவுக்கு நடுவில் நிற்பவர் கல்லும் வேகமுமான பாதைக்குப் பெரியதையும், வளைவு கூடிய பாதைக்குச் சின்னதையும் எடுக்கலாம். உங்கள் உயரம் நடுவில் நிற்கவில்லை. 445 நேராகப் பொருந்துகிறது.

சின்னத் திருத்தங்களைப் பிறகு செய்யலாம். இரட்டைக் கிரவுன் போர்க்கில் (ஹெட் ரியூப்புக்கு மேலும் கீழும் பிடி உள்ளது) ஸ்டெம் (ஹாண்டிலைப் பிடிக்கும் துண்டு) நேரே மேல் கிரவுனில் பூட்டுப்படும், நீளம் பெரும்பாலும் 45 அல்லது 50 மி.மீ. ஹாண்டிலை உயர்த்த ஸ்டெம்முக்குக் கீழே வளையம் போட்டால் அது பின்னுக்கும் வரும்: 63 பாகை ஹெட் கோணத்தில் (ஹெட் ரியூப்பின் சாய்வு) 10 மி.மீ. வளையத்துக்கு ஏறக்குறைய 4.5 மி.மீ. உயரம் மட்டும் வேண்டுமென்றால் மேல்வளைவு கூடிய பார் (ஹாண்டில் தண்டு) ஒன்றைப் போடுவது சுத்தம். 800 மி.மீ. பாரை வந்தவுடன் வெட்டாதீர்கள். ஓடிப் பார்த்து, தோள் இழுத்தால் பக்கத்துக்கு 5 மி.மீ. வீதம் குறையுங்கள்.

---

லேத் பட்டறை:

அளவு முடிந்தது, அடுத்தது பூட்டுகிற சாமான். தலையிடி அங்கேதான் தொடங்கும். விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: பின் ஹப் (சில்லின் நடுக்குடம்) அகலத்துக்கு அச்சுத் தடிப்பு 157க்கு 12ஆ, 148க்கு 12ஆ? ஷொக்கின் கண்ணுக்குக் கண் நீளம் (இரு முனைத் துளைக்கும் இடைத்தூரம்), ஸ்ட்ரோக் (ஷொக் அமுங்கும் தூரம்) எவ்வளவு? பி.பி. மரையா, அழுத்திப் பூட்டுவதா? அதன் அகலம்?

முன் போர்க் 200 மி.மீ. ஓட்டம் (அமுங்கும் தூரம்) உள்ளதாக, 29க்கு உரியதாக இருக்க வேண்டும். 27.5 போர்க்கைப் போட்டால் முழுக்க அமுங்கும்போது ரயர் கிரவுனில் உரசி சில்லு இறுகும். கட்டையான போர்க் 10 மி.மீற்றருக்கு ஹெட் கோணத்தை அண்ணளவாக அரைப் பாகை நிமிர்த்தும். பாவித்த போர்க் என்றால் ஸ்டியரர் குழாயை (ஹெட் ரியூப்புக்குள் போகும் போர்க்கின் தண்டு) எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹெட் ரியூப் நீளம், கீழ் மேல் கப், மேல் கிரவுனின் தடிப்பு எல்லாம் கூட்டி வருவதை விடக் கட்டையாக இருந்தால் அது இந்தப் பிரேமுக்கு உதவாது. குழாயை ஒட்டி நீட்ட எந்தப் பட்டறைக்கும் கொண்டு போகாதீர்கள். ஷொக்கின் பக்க வளையம் கடையலாம். ஸ்டியரரில் கை வைக்கக்கூடாது.

இங்கே ரவுணில் கிடைக்கும் சில்லுகள் இந்த அச்சுக்குச் சேராது. சில்லு இரண்டும் அங்கிருந்தே வரட்டும்.

---

முறிகண்டிச் சில்லு:

'ஆ' எடுக்கச் சொல்லிட்டன். பின் ஹப் 157. ஷொக் 250க்கு 75, கொயில். ஸ்பிரிங்கில 450 (அங்குலத்துக்கு இறாத்தல்) எண்டு அடிச்சிருக்கு. பின் ஓட்டம் 200 மி.மீ. ஸ்பிரிங் சரிவருமோ?

---

இரணைமடு வான்:

இறுக்கம். கணக்கு இப்பிடி: உடுப்பு, ஹெல்மெட், காப்பு எல்லாத்தோடயும் 72 கிலோ எண்டு வைப்பம். நிண்டு ஓடேக்க அதில 65 வீதம் பின்னுக்கு: 46.8 கிலோ, 103 இறாத்தல். 200ஐ 75ஆல பிரிச்சால் நெம்பு விகிதம் (ஷொக் அமுங்கிறதைப் போல சில்லு எத்தனை மடங்கு அசையும் எண்டது) 2.67. ஷொக்கில விழுற பாரம் 275 இறாத்தல். 30 வீதம் அமுங்க வேணுமெண்டால் 22.5 மி.மீ., அதாவது 0.886 அங்குலம். 275ஐ 0.886ஆல பிரிச்சால் 310. 300 அல்லது 325 ஸ்பிரிங் வேணும். 450ஓட 21 வீதம்தான் அமுங்கும். பின்பக்கம் உயர்ந்து நிண்டு, ஹெட் கோணம் நிமிர்ந்து, சரியான பிரேமே கட்டை மாதிரி இருக்கும். நெம்பு விகிதம் ஓட்டத்துக்குள்ள மாறும், அதால இது தொடக்கக் கணக்கு.

பூட்டின பிறகு சுவரைப் பிடிச்சுக்கொண்டு பெடலில நில்லுங்கோ. இன்னொராள் ஷொக்கின்ர கண்ணுக்குக் கண் அளக்கட்டும். 250 இருந்தது 227 அல்லது 228க்கு வந்தால் சரி. பிறிலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டி இறுக்கிற வளையம்) ரெண்டு சுத்துக்கு மேல இறுக்க வேண்டி வந்தால் ஸ்பிரிங் மெலிசு, அடுத்த அளவு எடுக்கோணும். புது ஸ்பிரிங்கின்ர ஸ்ட்ரோக் 75க்குக் குறையக்கூடாது.

---

பனைவடலி:

வாங்கிறதெண்டு முடிவெடுத்திட்டியள், நல்லது. சோதிச்சுப் பார்க்க எண்டு குளக்கட்டின்ர அலைகரைப் பக்கம் மட்டும் இறக்கிப்போடாதேங்கோ. கல்லும் புரளும், கட்டும் பழுதாகும்.

---

லேத் பட்டறை:

பொதி கட்டும்போது பின் கவைக்குள் 157 மி.மீ. மரக்கட்டை ஒன்று இறுக்கமாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள், பெட்டி நசிந்தால் கவை ஒடுங்கிவிடும். கியர் தொங்கும் ஹாங்கரைக் கழற்றிக் கடதாசியில் சுற்றி வைக்கட்டும். அதே மாடலுக்கு மேலதிகமாக இரண்டு வாங்கி வருவது நல்லது. பின் அச்சைப் பிரேமிலேயே பூட்டி அனுப்பட்டும். 12 மி.மீ. என்றாலும் மரையின் இடைவெளியும் நீளமும் பிரேமுக்குப் பிரேம் வேறு. கிளிநொச்சியில் தேடி எடுக்க முடியாது.