விறாந்தையில் விழுந்து கிடந்த வண்ணக் குருவி: பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உவர்மலைப் பெடியன்:
காலையில் விறாந்தை கூட்டப் போன அம்மா கத்திக் கூப்பிட்டார். யன்னல் கண்ணாடிக்குக் கீழே ஒரு குருவி. மைனாவை விடச் சின்னது, முதுகு பச்சை, வயிறு வெளிர் மண்ணிறம், கண்ணை மூடிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமம் கொட்டினது போலச் சிவப்பு. வாலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். உயிர் இருக்கிறது, பறக்கவில்லை. சோறு வைத்தேன், தொடவில்லை. அப்படியே, திருகோணமலையில் காகம் கொக்கு தவிர வேறு என்ன பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள், ஆசை வந்துவிட்டது.

கன்னியாக் கிழவன்:
தம்பி, அது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி விசிலடிக்கும். ஒக்டோபர் வாக்கில் இந்தியாவிலிருந்து வரும், அதுவும் இரவில் பறந்து. களைத்துப்போய் இப்படிக் கண்ணாடியில் மோதுவது வழமை. சோற்றை எடுங்கள், அது புழுப்பூச்சி தின்கிற சாதி. துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். பிறகு மரநிழலில் திறந்துவிடலாம்.

நிலாவெளி படகு:
புறாத்தீவுக்கு வாங்க. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான்.

உவர்மலைப் பெடியன்:
புறாவா அண்ணா? சந்தியில் கூட்டமாக நிற்கிறதே.

நிலாவெளி படகு:
சந்தியில் நிற்பது வளர்ப்புப் புறா வழி வந்தது, வெள்ளை, மண்ணிறம் என்று கலந்திருக்கும். தீவில் பாறையில் கூடு கட்டுவது அசல் மாடப்புறா, உடம்பெல்லாம் நீலச் சாம்பல், சிறகில் இரண்டு கறுப்புக் கோடு. இலங்கையில் இதைக் காட்டில் காண்பது அரிது, தீவுக்கு அந்தப் பெயரே அதால்தான். 2003ல் தேசியப் பூங்காவாக்கினார்கள், ஆனால் வருகிறவர்கள் பவளப்பாறையைத்தான் பார்க்கிறார்கள், புறாவை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இப்போது கடல் கொந்தளிக்கும் காலம், மே மாதத்துக்குப் பிறகு வாருங்கள்.

கன்னியாக் கிழவன்:
அதுவரைக்கும் கோணேசர் கோயில் பாறையில் நின்று கடலைப் பாருங்கள். வெள்ளை வயிறும் ஆப்பு வடிவ வாலுமாக, சிறகை மேலே தூக்கியபடி மிதந்தால் அது கடற்கழுகு. செம்பருந்து என்று விட்டுவிடாதீர்கள்.

உவர்மலைப் பெடியன்:
பெட்டியைத் திறந்தேன். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு, தத்தித் தத்திப் போய் மாமரத்தடிச் சருகைப் புரட்டுகிறது. அம்மா பக்கத்து வீட்டுப் பூனைக்கு விளக்குமாற்றோடு காவல்.