பி.எஸ்சி. வேதியியலுக்குப் பிறகு வேலைக்கு உதவும் எம்.எஸ்சி. எது?

குடுவை கேட்டது:
பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு லேபில் இருக்கிறேன். பாகுநிலை, அடர்த்தி, பிஹெச் பார்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும். பதவி உயர்வுக்கு முதுகலை வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பொது வேதியியல், பகுப்பாய்வு வேதியியல், தரவு அறிவியல் மூன்றிலும் இடம் கிடைத்திருக்கிறது. நண்பர்கள் எல்லோரும் தரவு அறிவியலை எடு என்கிறார்கள். எனக்கு லேபை விட மனமில்லை. அதற்காக, படித்து முடித்துவிட்டுத் திரும்பவும் இதே மேசைக்கு வந்து உட்காரவும் முடியாது. எதை எடுக்கலாம்?

லேப்காரன்:
மருந்து நிறுவனம் ஒன்றில் பகுப்பாய்வு லேபுக்கு ஆள் எடுப்பவர்களில் நானும் ஒருவன். லேப் பிடித்திருக்கிறது என்றால் தயங்காமல் பகுப்பாய்வு வேதியியலை எடுங்கள். ஆனால் பட்டத்தின் பெயரை மட்டும் நம்பிச் சேர வேண்டாம்.

நேர்முகத்தில் ஒரு குரோமட்டோகிராமை, அதாவது கலவையிலுள்ள பொருள்கள் பிரிந்து வருவதைக் காட்டும் வரைபடத்தை, மேசையில் வைப்பேன். காரத்தன்மையுள்ள ஒரு மருந்தை எச்.பி.எல்.சி.யில் (கரைசலை அழுத்தத்தோடு குழல் வழியே செலுத்திப் பொருள்களைப் பிரிக்கும் கருவி) ஓட்டியது. பீக் (வரைபடத்தில் வரும் மேடு) சமச்சீராக இல்லாமல் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஏன், என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். கருவியை ஓட்டியவர், குழலில் உள்ள சிலிக்காவின் சிலனால் தொகுதிகளில் மருந்து ஒட்டுகிறது, மொபைல் ஃபேஸின் (குழல் வழியே ஓடும் கரைப்பான்) பிஹெச்சைக் குறைத்துப் பார்ப்பேன், குழல் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன் என்று ஆரம்பித்துவிடுவார். ஓட்டாதவர் குரோமட்டோகிராஃபியின் வரையறையை ஒப்பிப்பார். இருவரிடமும் இருப்பது ஒரே பட்டம்தான். மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பிள்ளை படிக்காமல் வரவில்லை. கருவியைத் தொட விடாத இடத்தில் படித்திருக்கிறது.

அதனால் சேருவதற்கு முன் கல்லூரியில் இதைக் கேளுங்கள்: எச்.பி.எல்.சி., ஜி.சி.-எம்.எஸ். (பொருள்களை வாயு நிலையில் பிரித்து நிறையை வைத்து அடையாளம் காண்பது) கருவிகளை மாணவர்களே ஓட்டுகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா? கடைசிப் பருவத் திட்டப்பணியை நிறுவனத்தில் செய்ய விடுவார்களா? முறைச் சரிபார்ப்பு, அதாவது ஒரு சோதனை முறை நம்பகமானது என்று நிரூபிப்பது, பாடத்தில் இருக்கிறதா? 2018-இல் வல்சார்டான் என்ற இரத்த அழுத்த மருந்தில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன் வகை மாசு கண்டுபிடிக்கப்பட்டு, பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. அதிலிருந்து நைட்ரோசமைன்களை மிக நுண்ணிய அளவில் அளக்கத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

புள்ளிவிவரம்:
நான் தரவுப் பக்கம். லேபை விட மனமில்லாதவர் முழுப் பட்டமாகத் தரவு அறிவியல் படித்தால், கணினி படித்து வந்தவர்களோடுதான் போட்டி போட வேண்டியிருக்கும். பைத்தானையும் புள்ளியியலையும் பக்கத்திலேயே கற்றுக்கொள்ளலாம். அகச்சிவப்பு நிறமாலைகளை வைத்துக் கலவையின் அளவைக் கணிக்கும் கீமோமெட்ரிக்ஸ் என்றொரு துறை இருக்கிறது. அங்கே வேதியியல் தெரிந்தவருக்குத்தான் முன்னுரிமை.

கரைப்பான்:
ஆராய்ச்சிக்கோ ஆசிரியப் பணிக்கோ போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பொது வேதியியலைத் தள்ளிவிடாதீர்கள். பெயிண்ட் அனுபவம் இருக்கிறதே, பாலிமர் விருப்பப்பாடம் உள்ள இடமாகப் பாருங்கள்.

குடுவை:
எல்லோருக்கும் நன்றி. பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பகுப்பாய்வு வேதியியலில் கடைசிப் பருவம் முழுக்கத் திட்டப்பணிதான், நிறுவனத்திலும் செய்யலாம். ஒரே சந்தேகம்: மருந்து லேபுக்கு வந்தால் என் பெயிண்ட் அனுபவம் கணக்கில் வருமா?

லேப்காரன்:
தாராளமாக வரும். முடிவு வரம்புக்கு வெளியே போனால் அதைத் திருத்தாமல், மறைக்காமல் பதிவு செய்து விசாரிக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் அல்லவா? நேர்முகத்தில் அப்படி ஒரு சம்பவத்தை விவரமாகச் சொல்லுங்கள்.