இஜிஆரை அடைத்த பிறகு இன்ஜின் நாக் அடிக்கிறது, கேட்டலிட்டிக்கையும் கழற்றலாமா?

வளைவுப்பாதை:
டர்போ இல்லாத 2.0 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கொஞ்சம் வயதான கார். இன்டேக்கில் கரி பிடிக்காது, பிக்கப்பும் கூடும் என்று சொன்னார்கள், எரிந்த வாயுவில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வுக்கு அடியில் தகடு வைத்து அடைத்தாயிற்று. அதிலிருந்து டாப் கியரில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஒரே வேகத்தில் போகும்போது, சின்ன ஏற்றம் வந்தாலே கிணிகிணி என்று சத்தம். முழுசாக மிதித்தால் சத்தமே இல்லை, அதுதான் புரியவில்லை. செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது, கோடு பி0401 (இஜிஆர் ஓட்டம் போதவில்லை). புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் சூடு குறைந்து எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். செய்யலாமா?

பழைய பிஸ்டன்:
முழுசாக மிதித்தால் சத்தம் இல்லை என்று எழுதினீர்களே, விடை அங்கேயே இருக்கிறது. இஜிஆர் வால்வு ஐடிலிலும் முழு த்ராட்டிலிலும் மூடியே இருக்கும், பாதி லோடில் ஓடும்போதுதான் திறக்கும். அதனால் அது பவரைத் தின்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை, பவர் தேவைப்படும் நேரத்தில் அது வேலையே செய்வதில்லை. பாதி லோடில் அது உள்ளே விடும் எரிந்த வாயு இனி எரியாது, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு சூட்டை வாங்கிக்கொள்ளும். இதனால் நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது, கூடவே கலவை மெதுவாக எரிகிறது. மெதுவாக எரிவதை ஈடுகட்ட இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு பிளக்கை முன்கூட்டியே அடிக்க வைக்கும், டைமிங் மேப்பை (பிளக் எப்போது அடிக்க வேண்டும் என்ற அட்டவணையை) அப்படித்தான் எழுதியிருப்பார்கள். நீங்கள் வாயுவை நிறுத்திவிட்டீர்கள், டைமிங் மட்டும் பழையபடி அட்வான்ஸில், அதாவது முன்கூட்டியே, நிற்கிறது. இப்போது கலவை வேகமாக எரிந்து அழுத்தம் சீக்கிரமே ஏறுகிறது, தீ வந்து சேருமுன் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. நாக் என்பதும், நீங்கள் கேட்கும் கிணிகிணியும் அதுதான்.

கேட்டலிட்டிக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தகட்டை எடுங்கள்.

மூன்றாம் கியர்:
பெரியவர் சொல்வது எல்லா இன்ஜினுக்கும் பொருந்தாது. என் காரிலும் அடைத்துத்தான் இருக்கிறது, ரொம்ப நாளாக ஓட்டுகிறேன், சத்தம் எதுவும் இல்லை.

பழைய பிஸ்டன்:
சத்தம் இல்லை என்பதால் நாக் இல்லை என்று ஆகிவிடாது தம்பி. நாக் சென்சர் பிளாக்கின் அதிர்வைக் கவனித்துக்கொண்டே இருக்கும், 86 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்) என்றால் ஏறத்தாழ 6.7 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு, அது வந்த உடனே டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். உங்கள் காதுக்கு எட்டாது, பிக்கப்பும் மைலேஜும்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஸ்கேனரை மாட்டி நாக் ரிடார்ட் (டைமிங்கை எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது) என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், பேசுவோம். ஆனால் எல்லா இன்ஜினும் ஒன்றில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், விவிடி (வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு) வந்த பிறகு வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை வைத்தே எரிந்த வாயுவை உள்ளே நிறுத்திக்கொள்கிறார்கள், பலவற்றில் வெளியே இஜிஆர் வால்வே கிடையாது.

ஸ்பேனர் செட்:
ஒன்று சேர்க்கிறேன். கேள்வி கேட்டவரின் காரில் இருப்பது மேப் சென்சரா (மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது), மாஸ் ஏர்ஃப்ளோவா (உள்ளே வரும் காற்றை அளப்பது)? மேப் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தில் ஒரு பங்கு இஜிஆர் வாயு என்று கழித்துத்தான் அது பெட்ரோலைக் கணக்கிடும். அடைத்துவிட்டால் உள்ளே வருவது முழுக்கக் காற்று, பெட்ரோல் போதாமல் கலவை லீன் ஆகும், லீன் ஆனால் நாக் இன்னும் கூடும். கழிவு வாயுவில் ஆக்சிஜனைப் பார்க்கும் ஓ2 சென்சர் ஓரளவு திருத்திவிடும்தான், ஆனால் ஃபியூவல் ட்ரிம் (பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) பிளஸ்ஸில் ஏறி நிற்கும்.

அப்புறம் கேட்டலிட்டிக். அது அடைத்துக்கொண்டிருந்தால் சூடான கழிவு வாயு சிலிண்டரிலேயே தங்கும், அதனால் நாக் வரலாம், நண்பர் எங்கேயோ கேட்டதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அப்படி அடைத்த இன்ஜின் ஆர்பிஎம் ஏறும்போதுதான் மூச்சுத் திணறும், உங்களுடையது நேர் எதிர். சந்தேகம் என்றால் முன் ஓ2 சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் வைத்துப் பாருங்கள், 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ தாண்டினால் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல கேட்டலிட்டிக்கைக் கழற்றினால் டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது, பி0420 கோடு (கேட்டலிட்டிக் சரியாக வேலை செய்யவில்லை) வரும், நாற்றம் வரும், புகைச் சோதனையில் தோற்கும், பல நாடுகளில் சட்டப்படியே குற்றம்.

வளைவுப்பாதை:
மேப் சென்சர்தான். லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் 9 சதவீதம் காட்டுகிறது. சத்தம் வரும் நேரத்தில் டைமிங் விழுந்து விழுந்து ஏறுகிறது. தகட்டை எடுத்தால் மட்டும் போதுமா?

ஸ்பேனர் செட்:
போதாமலும் போகலாம். வால்வையும் பாதையையும் கரி போகச் சுத்தம் செய்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் தகடு இல்லாமலே பி0401 திரும்ப வரும். கேஸ்கட் புதிது போடுங்கள், அங்கே காற்று கசிந்தால் மறுபடியும் லீன்தான். அதற்குப் பிறகும் கிணிகிணி இருந்தால் ஒரு டேங்க் மட்டும் ஆக்டேன் கூடின பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் பிஸ்டன் தலையில் கரி ஏறிக் கம்ப்ரஷன் கூடியிருக்கலாம், பிளக்கின் ஹீட் ரேஞ்சும் (சூட்டை வெளியேற்றும் அளவு) சரியா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் அது நாக்காக இல்லாமலும் இருக்கலாம், எக்ஸாஸ்டின் ஹீட் ஷீல்டு தளர்ந்து ஆடினாலும் இதே மாதிரிதான் கேட்கும்.