ரேடியேட்டர் ஃபேன், இசியு: புதுப்பிப்பு

போன மாதம் எழுதியது ஞாபகம் இருக்கும்: வடபழனி சிக்னலில் ஏசி போடாமல் நின்றால், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 105 டிகிரியைத் தொட்ட பிறகுதான் என் வண்டியில் ஃபேன் சுற்றுகிறது, அந்த எண் இசியுவுக்குள், அதாவது இன்ஜினை இயக்கும் கணினிக்குள், எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறேன் என்று. கிடைத்துவிட்டது!

105-ஐ அப்படியே தேடியதுதான் தப்பு. ஓபிடி (வண்டியின் கோளாறு பார்க்கும் இணைப்பு) வழியாக வெப்பநிலை 40 கூட்டப்பட்டு வருகிறது, அதனால் 145-ஐயும் தேடினேன், பலனில்லை. இந்த இசியு உள்ளே வேறு கணக்கு வைத்திருக்கிறது: பைட்டை (நினைவகத்தில் இருக்கும் 0 முதல் 255 வரையிலான எண்) 0.75-ஆல் பெருக்கி 48-ஐக் கழிக்க வேண்டும். அப்படியானால் 105 என்பது 204, ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) சிசி. அதை ஒட்டியே சி4, அதாவது 99, ஃபேன் நிற்கும் அளவு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ராத்திரி இரண்டு மணிக்குக் கத்திவிட்டேன், வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

இரண்டு எண்களையும் குறைத்து எழுதிவிட்டேன், இப்போது ஃபேன் 99-இல் சுற்றி 93-இல் நிற்கிறது. இன்னும் இறக்கச் சொன்ன தம்பிக்கு: என் தெர்மோஸ்டாட் (கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) 87-இல்தான் திறக்கிறது, நிற்கும் அளவை அதற்குக் கீழே வைத்தால் ஃபேன் ஓயவே ஓயாது. அப்புறம், செக்சம் (உள்ளே இருப்பது சரிதானா என்று இசியு சரிபார்க்கும் எண்) திருத்தாமல் எழுதாதீர்கள், வண்டி கிளம்பாமல் போகலாம். நான் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய இசியுவில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் கை வைத்தேன்.

நேற்று மதியம் அதே சிக்னல், அதே வெயில். 100-ஐத் தாண்டவில்லை.